கர்ப்ப காலத்து மூல வலி: வெந்நீரா, களிம்பா, கத்தியா?

எட்டாம் மாதத்தில் மூலம் வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். "எல்லாம் உடம்புச் சூடு, மோர் குடி" என்பார் மாமியார். கணவர் மருந்துக்கடைக்குப் போய், யாருக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு, "மூலத்துக்கு ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்கள்" என்று வாங்கி வருவார். பக்கத்து வீட்டு அக்கா துத்தி இலை பறித்துக் கொடுப்பார். வலியை அனுபவிப்பவளோ மாதப் பரிசோதனையில் குழந்தையின் அசைவு, கால் வீக்கம், நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்கிக்கொண்டு திரும்பி வருவாள். மருத்துவரிடம் கேட்காமல் விடுவதால், எந்தச் சிகிச்சை என்கிற முடிவு மருந்துக்கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது.

அந்த முடிவைத் தெரிந்து எடுப்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு. மருந்துகளை வரிசைப்படுத்துவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: வலிப்பது மூலம்தானா?

உள்மூலம் பொதுவாக வலிக்காது. ஆசனவாயின் உள்ளே சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் சவ்வுக்கு வலியை உணரும் நரம்புகள் கிடையாது. ஆகவே அங்கே வீங்கும் ரத்தநாளம், மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டவிடும், சதை வெளியே வந்து தானாக உள்ளே போகும், அரிக்கும், கசியும். உயிர் போகிற வலி என்றால் பெரும்பாலும் வேறு இரண்டில் ஒன்று. மலம் வெளியேறும் நேரத்தில் பிளேடால் கீறுவது போல் எரிந்து, அதன் பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விண்விண் என்று வலித்தால் அது மூலமே அல்ல, ஆசனவாய் வெடிப்பு. நேற்று வரை ஒன்றுமில்லாமல் இருந்து, இன்று காலை திடீரென விளிம்பில் மொச்சைக்கொட்டை அளவில் நீலம் பாரித்த கெட்டியான கட்டி தோன்றி, உட்காரவே முடியவில்லை என்றால் அது ரத்தம் உறைந்த வெளிமூலம். வீட்டில் எல்லாவற்றுக்கும் "மூலம்" என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் வெடிப்புக்கு மூலக் களிம்பு பெரிதாக உதவாது. உறைந்த கட்டிக்கோ நேரக் கெடு உண்டு. ஒரு மருத்துவர் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கர்ப்பிணிகளிடம் இதைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்; அங்கே கூச்சப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பத்தில் இது ஏன் கிளம்புகிறது என்பதற்குச் சூட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புரோஜெஸ்டிரான் ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது, ரத்தநாளச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புப் பகுதியிலிருந்து மேலே போக வேண்டிய ரத்தத்தை அழுத்தித் தேக்குகிறது. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதிப் பங்கு கூடியிருக்கும் காலம் இது. போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கிவிடும். மாமியார் சொன்ன மோர் தீங்கு செய்யாது. அதில் இருக்கும் தண்ணீர் நல்லதுதான். அது சூட்டைத் தணித்து மூலத்தைக் கரைக்கும் என்று காத்திருப்பதுதான் வீண்.

இனி தேர்வுகளைப் பார்ப்போம். எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மலத்தை இளக்காமல் மற்ற எதுவும் நிற்காது. இதை ஒரு தேர்வு என்றுகூடச் சொல்லக் கூடாது, மற்றவற்றுக்கெல்லாம் அடித்தளம் இதுதான். ஒரு வாரம் களிம்பு போட்டு ஆற்றிய இடத்தை ஒரே ஒரு காலை நேர முக்கல் கிழித்துவிடும்.

உணவால் மட்டும் இதைச் சாதிக்க முடியுமா? நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போனால் கணக்கு எங்கே நிறையும்? கொய்யா ஒன்று, ஒரு கிண்ணம் சுண்டல், வாழைத்தண்டுப் பொரியல், கீரை, ஒரு வேளையாவது கம்பு அல்லது கேழ்வரகு என்று தட்டை மாற்றினால் நிறையும். மாற்றம் தெரிய நாலைந்து நாளாகும். ஏற்கெனவே வலியில் துடிப்பவரால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அதனால் உணவோடு மருந்தும் தேவைப்படும்.

அங்கே முக்கியமான போட்டி ஈசப்கோலுக்கும் லாக்டுலோஸ் மருந்துக்கும் இடையில். ஈசப்கோல் உமி மலிவானது, ரத்தத்தில் கலக்காது, கர்ப்பம் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி ஊதித்தான் வேலை செய்யும். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். வாந்தி, குமட்டல் என்று தண்ணீரே இறங்காத பெண்ணுக்கு ஈசப்கோல் கொடுத்தால் உள்ளே போய்க் கட்டியாகி நிலைமையை மோசமாக்கும். லாக்டுலோஸ் தித்திப்பான திரவம். அதுவும் உடலில் அநேகமாகச் சேர்வதில்லை. குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்து ஓரிரு நாளில் மலத்தை இளக்கிவிடும். வயிறு உப்பும், வாயு பிரியும். எட்டாம் மாத வயிற்றுக்கு அது தொந்தரவுதான். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் அதில் கொஞ்சம் சர்க்கரை இருப்பதை மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்க முடிகிறவருக்கு ஈசப்கோல், முடியாதவருக்கும் அவசரமாக இளக வேண்டியவருக்கும் லாக்டுலோஸ் என்று நான் பிரிப்பேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியும் இதே வகைதான். மருத்துவர் அதை எழுதினால் மறுக்கக் காரணமில்லை.

இந்தப் பக்கத்தில் ஒதுக்க வேண்டியவை இரண்டு. விளக்கெண்ணெய் கூடவே கூடாது. பேதியோடு கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடியது அது. நிலாவரைப் பொடியை "மூலிகைதானே" என்று தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது குடலைச் சொடுக்கி வேலை வாங்கும் பேதி மருந்து. வேறு எதுவும் பலிக்காதபோது மருத்துவர் சொல்லி ஓரிரு நாள் எடுப்பது வேறு கதை.

மூலம் என்றதும் பலரும் முதலில் நிறுத்துவது இரும்பு மாத்திரையைத்தான். அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று. அது மலத்தை இறுக்குவது உண்மை, கருப்பாக்குவதும் உண்மை. ஆனால் மூலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண் இரும்பை நிறுத்துவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடுவது போன்றது. பிரசவத்தில் போகப்போகும் ரத்தத்துக்கு உடம்பில் இருப்பு வேண்டும். மாத்திரையின் வகையை மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேட்கலாம், ரத்தச்சோகை அதிகமாக இருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரும்பு சுக்ரோஸ் ஏற்றும் வசதி இருக்கிறது. ஈசப்கோலையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

வலியைக் குறைக்கும் வழிகளில் என் முதல் ஓட்டு வெந்நீருக்கு. செலவில்லை, குழந்தைக்குப் பாதிப்பில்லை, வெடிப்பு, வெளிமூலம், உள்மூலம் என்று எதுவாக இருந்தாலும் இறுகிக் கிடக்கும் சுருக்குத் தசையைத் தளர்த்தும். செய்யும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அகலமான பிளாஸ்டிக் பேசினில் நாலு விரற்கடை உயரம் வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. தரையில் வைத்த பேசினில் எட்டு மாத வயிற்றோடு குந்தி உட்கார்ந்து எழுவது ஆபத்து. வெஸ்டர்ன் கழிவறை இருந்தால் அதன் மேல் பொருந்தும் தொட்டி மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் அசையாத ஸ்டூல் மேல் பேசினை வைத்து, எழும்போது கைபிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்; வெந்நீரில் உட்கார்ந்து எழும்போது தலை சுற்றும். பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, அதில் ஒன்று கட்டாயம் மலம் கழித்த உடனே. பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ, பிறப்புறுப்பில் ரத்தம் பட்டாலோ இதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் உப்பு, டெட்டால் எதுவும் தேவையில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வெளிர் ரோஜா நிறத்துக்கு மேல் போனால் தோல் புண்ணாகும். கரையாத ஒரு துகள் அடியில் கிடந்தாலும் சுட்டுவிடும். வலிக்கிற இடத்தில் இன்னொரு வலி எதற்கு?

களிம்போடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் எது மேல்? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கர்ப்பிணிகளிடம் இதைப் பார்த்தது. வெந்நீரில் உட்கார்ந்த குழுவுக்குக் களிம்பு போட்ட குழுவைவிட நன்றாகக் குணமானது. ஆனால் வெந்நீர்க் குழுவினர் மலத்தை இளக்கும் கிளிசரின் மருந்துக்குச்சியையும் ஆசனவாயில் வைத்துக்கொண்டார்கள். பெருமை முழுவதையும் வெந்நீருக்கே கொடுத்துவிட முடியாது. மலம் வழுக்கிப் போனதற்கும் அதில் பங்கு இருக்கும்.

நீலக் கட்டிக்கு மட்டும் முதல் ஓரிரு நாள் வெந்நீரைவிடக் குளிர்ச்சி நல்லது. ஐஸ் துண்டை மெல்லிய துணியில் சுற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வைக்கலாம். நேரடியாகத் தோலில் படக் கூடாது.

இனி களிம்புகள். கடையில் "மூல ஆயின்மென்ட்" என்ற ஒரே பெயரில் கேட்டாலும் டியூபுக்குள் இருப்பது நான்கு விதமான சரக்கு. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு, ரத்தநாளத்தைச் சுருக்கும் பினைலெப்ரின், தோலுக்குப் பூச்சாக நிற்கும் துத்தநாக ஆக்சைடு. பரவலாகக் கிடைக்கும் அனோவேட் களிம்பில் இவற்றில் முதல் மூன்றும் கலந்திருக்கின்றன. டியூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கர்ப்பிணிக்கு இவற்றில் எளிமையானது லிக்னோகெயின் மட்டும் உள்ள ஜெல். மலம் கழிக்கப் போவதற்குச் சற்று முன் வெளியே தடவினால் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க உதவும். உடலுக்குள் போகும் அளவு மிகச் சிறிது. ஸ்டீராய்டு கலந்ததை அரிப்பும் வீக்கமும் தாங்கவில்லை என்றால் ஒரு வாரம் போடலாம். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரோகார்டிசோன் கலந்த மூல மருந்தைப் பயன்படுத்திய பெண்களைக் கனடாவில் பின்தொடர்ந்து பார்த்து, குழந்தைகளுக்குக் கெடுதல் தெரியவில்லை என்று 2011-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் அந்த இடத்துத் தோல் மெலிந்து, வெடிப்பை நாமே வரவழைத்துக்கொள்வோம். பினைலெப்ரினில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். ரத்தநாளத்தைச் சுருக்கும் மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. ஏற்கெனவே அழுத்தம் கூடியிருக்கும் கர்ப்பிணி அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கணவர் கடைக்காரரிடம் "கர்ப்பிணிக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மாத்திரை என்று வந்தால் வலிக்கு பாரசிட்டமால், அவ்வளவுதான். டைக்ளோபினாக், இபுபுரூபன் வகையை வீட்டில் கிடக்கிறதே என்று எடுக்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டிரமடால், கோடின் வலியைக் குறைத்தாலும் மலத்தைக் கல்லாக்கிவிடும்.

ரத்தநாளச் சுவரை உறுதியாக்கும் என்று கொடுக்கப்படும் டாஃப்லான் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் பலருக்கு இது எழுதப்படுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உள்மூலம் இருந்த 50 கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்து, பெரும்பாலோருக்குச் சில நாளிலேயே குறைந்தது என்று 1997-இல் அறிக்கை வந்தது. ஆனால் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு அதில் இல்லை. மூலத்தின் வலி சில நாளில் தானாகவே தணிவதும் உண்டு. இதற்கு உறவான ருட்டோசைடு மருந்தைப் பற்றி 2005-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்ப்பது) 150 பெண்களின் தரவைப் பார்த்துவிட்டு, அறிகுறி குறைகிறது, ஆனால் கர்ப்பத்தில் பாதுகாப்பு உறுதியாகும் வரை பரிந்துரைக்க முடியாது என்று முடித்தது. மற்ற வழிகள் பலிக்காமல், ரத்தப்போக்கு தொல்லை தரும்போது, மகப்பேறு மருத்துவர் எழுதினால் எடுக்கலாம். முதல் மூன்று மாதத்தில் நான் இதைத் தேடிப் போகமாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் துத்தி இலைக்கு வருவோம். துத்தியும் கருணைக்கிழங்கும் நம் மரபில் மூலத்துக்கென்றே பெயர் பெற்றவை. கருணைக்கிழங்கு மசியலைச் சோற்றோடு சாப்பிடுவதில் கவலையில்லை, நார்ச்சத்துக்கும் ஆயிற்று. துத்தி இலையை வதக்கி வெளியே வைத்துக் கட்டுவது, இலையும் துணியும் சுத்தமாக, தோலில் புண் இல்லாமல் இருக்கும்வரை ஒத்தடத்தின் இதத்தைத் தரும். அரைத்துக் குடிப்பதும், லேகியமாக்கிச் சாப்பிடுவதும் வேறு. அளவும் சேர்மானமும் மாறும். கர்ப்பிணிகளிடம் அவற்றைச் சோதித்துப் பார்த்த தரவு நம் கையில் இல்லை. பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தவற்றைக் கர்ப்பத்தில் தவிர்ப்பதே பாதுகாப்பு. சித்த மருத்துவத்தைத்தான் நம்புகிறேன் என்பவர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கர்ப்பம் எத்தனை மாதம் என்று சொல்லிக் கேட்கட்டும். பஸ் நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்" என்று ஒட்டியிருப்பார்களே, அந்த இடங்களுக்கு மட்டும் போக வேண்டாம். தகுதியில்லாதவர்கள் போடும் ஊசியும் பூசும் காரமும் ஆசனவாயைச் சுருக்கி, ஆயுளுக்கும் தொல்லையாக்கிவிட்ட கதைகள் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

கத்தி எப்போது? ரத்தம் உறைந்த நீலக் கட்டிக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையில் எழுகிறது. அதன் வலி முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கத் தொடங்கும். ஆகவே 72 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து கட்டியை அகற்றிவிடலாம். வலி சட்டென்று குறையும். கீறி ரத்தக்கட்டியைப் பிதுக்கி விடுவது மட்டும் போதாது, மறுபடி உறையும். நாலாம் நாள் போனால் அறுப்பதால் வரும் வலி, காத்திருப்பதால் வரும் வலியைவிட அதிகம். குளிர் ஒத்தடமும் பாரசிட்டமாலும் மலமிளக்கியுமாக ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் கட்டி தானே கரையும். சிறு தோல் மடிப்பு ஒன்று மிஞ்சலாம், அது அழகுப் பிரச்சினை மட்டும்தான். முதல் நாளிலேயே வலி தாங்கக்கூடியதாக இருந்தால் கத்தியைத் தேட வேண்டியதே இல்லை.

உள்மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவது, ஊசியால் சுருக்குவது, முழு அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிப்போடுவதே வழக்கம். தவிர்க்க முடியாதபோது செய்யவே கூடாதா என்றால், செய்யலாம். அமெரிக்காவில் 12,455 கர்ப்பிணிகளைப் பற்றி 1991-இல் வந்த அறிக்கையில் 25 பேருக்குத்தான் மூல அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பில்லை. ஆயிரத்துக்கு இரண்டு என்கிற அந்தக் கணக்கே எவ்வளவு அரிதாக அந்த நிலை வருகிறது என்பதைக் காட்டும். ஒரே வாரத்தில் அறுவை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் உடனே போக வேண்டிய நிலைகளும் உண்டு. ரத்தம் சொட்டாமல் ஒழுகினாலோ கட்டியாக வந்தாலோ, காய்ச்சலோடு வலி ஏறினாலோ, வெளியே வந்த சதை உள்ளே போகாமல் கறுத்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ 108 தான். உள்ளாடையில் ரத்தம் கண்டால் அது மூலத்திலிருந்துதான் என்று தாமாக முடிவு கட்டுவதும் ஆபத்து. கர்ப்பத்தில் பிறப்புறுப்பு ரத்தப்போக்கும் அதே துணியில்தான் படும். எங்கிருந்து வந்தது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசி மாதத்தில் இன்னொரு கேள்வி முளைக்கும்: மூலம் இருக்கிறதே, முக்கினால் வெடித்துவிடாதா, சிசேரியனே செய்துகொள்ளலாமா? மூலம் மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது. சுகப்பிரசவத்தில் அது சில நாள் பெரிதாகி வெளியே துருத்தலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வற்றிவிடும். சிசேரியன் செய்தாலும் வலி மாத்திரையும் படுக்கையும் சேர்ந்து மலச்சிக்கலைக் கூட்டிவரும், தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. பிரசவமாகி இரண்டு மாதம் கழித்தும் ரத்தம் போகிறது, சதை இறங்குகிறது என்றால் அப்போது வளையம் போடுவதைப் பற்றிப் பேசலாம். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலரும் மலத்தை அடக்கிக்கொள்வது பிரசவத்துக்குப் பிந்தைய அந்த முதல் வாரத்தில்தான், இரும்பு மாத்திரையும் அதற்குப் பிறகு ஆறு மாதம் தொடரும். குழந்தைத் துணிகளோடு சேர்த்து ஈசப்கோல் டப்பாவையும் மருத்துவமனைப் பையில் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.